செருப்பு எங்க?

பதினேழாவது கேசட்டையும் ஓடவிட்டுப் பார்த்தாகிவிட்டது. அதிலும் அப்பா இல்லை.

கூட்டம் இருந்தது. விசில் இருந்தது. டிரம்ஸ் இடித்தது. யாரோ ஒருவன், "டேய், தண்ணி யார்கிட்டடா இருக்கு?" என்று முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய தாகத்தோடு கேட்டான். இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் அவனுக்குத் தண்ணீர் கிடைத்ததா என்பதுகூடத் தெரிந்துவிடும். அப்பா மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் பொத்தானை அமுக்கிக் கேசட்டை வெளியே எடுத்துவிட்டுப் பதினெட்டாவதைத் தேடினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். மூன்று மணிக்கு வண்டி வரும். இப்போது பதினொன்றே கால்.

அத்தை கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். அப்பாவின் ஒரே தங்கை. அண்ணனுக்குப் பேச்சு நின்றுபோன பிறகு குடும்பத்தின் மொத்தப் பேச்சையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டவள்.

"வர்றவங்க எல்லாம் பொண்ணு எங்க, பொண்ணு எங்கன்னு கேக்கறாங்க. நீ இங்க உக்காந்து பாட்டு கேட்டுட்டு இருக்கே. அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கே போ."

"பாட்டு கேக்கல அத்தை. அப்பா குரல் எதுலயாவது இருக்கான்னு பாக்கறேன்."

அத்தை உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். இரும்பு அலமாரியில் வரிசையாக நின்ற கேசட்டுகளைப் பார்த்தாள். அறுபத்து மூன்று நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு மையில் ஓர் எண்.

"இத்தனையில ஒண்ணுல கூடவா இருக்காது?"

"இருக்காது. அவர் சட்டம் உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பதிவு பண்ணுகிறவன் தட்டக் கூடாது, பாடக் கூடாது, இருமக் கூடாது. இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். அதற்காக அப்பா வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டுதான் போவார். இருபது வருஷம், அவருக்குப் பிடித்த ஒரே ஓர் இசைக்குழு எந்த ஊரில் வாசித்தாலும், சட்டைப்பைக்குள் மைக், இடுப்பில் ரெக்கார்டர், பையில் இரண்டு மடங்கு பேட்டரி. அறுபத்து மூன்று நிகழ்ச்சிக்குப் போன மனுஷன் ஒன்றிலும் ஒருதரம்கூடக் கை தட்டியதில்லை.

வீட்டிலும் அதே சட்டம்தான். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து ஏதாவது சொல்ல வாயெடுத்தால், ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் அப்பா உதட்டின் மேல் விரலை வைப்பார். உஷ். பாட்டு முடியட்டும். பாட்டு முடிந்தபோது சொல்ல வந்தது பாதி மறந்திருக்கும். ஊர்பேர் தெரியாத ஆயிரக்கணக்கான பேரின் கூச்சலுக்குக் காது கொடுத்தவர் தன் பேச்சுக்குக் கொடுக்கவில்லையே என்ற ஆற்றாமை அவளுக்கு முப்பத்தைந்து வயதிலும் ஆறவில்லை.

அப்பா லிப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தில் கீழே நின்றபடி, மூடிய கதவில் காதை வைத்து, "ஏழாவது மாடில உருளை தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காது. தொண்டை அந்தக் காதுக்கு ஈடுகொடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குரல்வளையில் கட்டி. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாளைக்கு நூறு பேரிடம் சொல்கிறவள். அப்பாவிடமும் அதையேதான் சொன்னாள். டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே படத்தில் அதை அவள் பார்த்துவிட்டாள். அறுவை முடிந்து கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள், குரல் போயிற்று. அப்புறம் ஒரு சின்ன சிலேட்டுதான் அப்பாவின் வாய்.

அப்போது யாருக்கும் தோன்றவில்லை, அந்தக் குரலை எங்காவது பிடித்து வைத்திருக்க வேண்டுமென்று. பழைய போன்கள் போய்விட்டன. அவள் கல்யாண வீடியோவில் அப்பா பேசுகிற இடத்திலெல்லாம் வீடியோக்காரர் வயலினைப் போட்டு மூடியிருந்தார். நேற்று மதியம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தபின், வீட்டுக்கு வருகிற வழியில்தான் அவளுக்கு அது உறைத்தது. அப்பா "சாப்பிட்டியா?" என்று கேட்பதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அது அவள் கணவனின் குரலில் கேட்டது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் கணவன்தான். வார்த்தை இருந்தது, குரல் இல்லை. ஊரார் சத்தத்தையெல்லாம் அலமாரி நிறையச் சேர்த்து வைத்த மனுஷன் தன் சத்தத்தில் ஒரு துண்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

அலமாரிக் கதவின் உட்புறம் அந்தக் குழுவின் நால்வரும் நிற்கிற போஸ்டர் ஒட்டியிருந்தது. பாடுகிறவர், கிட்டார் இரண்டு பேர், டிரம்ஸ். அத்தை அதை முறைத்தாள்.

"சாகும்போது தூக்க நாலு பேர் வேணும்ணே, நாலு பேரையாவது சம்பாதின்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன். எனக்குத்தான் நாலு பேர் இருக்காங்களேன்னு இவங்களக் காட்டுவாரு. வந்து தூக்கச் சொல்லு இப்ப."

சொல்லிவிட்டு அத்தை அழுதாள். திட்டிவிட்டு அழுவது அவள் வழக்கம்.

அப்பாவின் சிலேட்டு மேஜைமேல் இருந்தது. நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதியது. யாரும் அழிக்கவில்லை. 'ஹாலில் 41 போடுங்க.' எரிக்கிற இடத்து ஹாலில், பெட்டி உள்ளே போவதற்கு முன்னால் ஒரு பாட்டுப் போடுவார்கள். அதற்குத்தான் நாற்பத்தொன்று. அவளுக்கு அது புரியவே இல்லை. அப்பாவின் மதிப்பெண் நோட்டை அவள் காலையில் புரட்டிப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு பதிவுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட்டிருந்தார். ஒன்பது, எட்டரை, ஒன்பதே கால். நாற்பத்தொன்றுக்கு எதிரே மட்டும் இரண்டு. பக்கத்தில் ஒரு வரி: 'நடுவில் ஒரு முட்டாள் பேசுகிறான்.' நாற்பத்தொன்றின் கேசட்டும் அலமாரியில் இல்லை. நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளிதான் இருந்தது.

வாசலில் புதுக்குரல்கள் கேட்டன. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவளும் எழுந்து பின்னால் போனாள்.

முன்பின் பார்த்திராத மூன்று பேர் பெட்டியருகே நின்றார்கள். காதோரம் நரைத்த ஒல்லியான ஆள், தோளில் கனமான பை. நெற்றிவரை கண்ணாடியை ஏற்றிவிட்ட ஒரு வயதான அம்மாள். நகக்கண்ணில் மாவு ஒட்டிய ஒரு தடித்த மனிதர். மூவரும் அப்பாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு அந்தத் தடித்தவர் குனிந்து, பெட்டியின் விளிம்பைத் தொட்டுக் கேட்டார்.

"செருப்பு எங்க?"

அந்த அம்மாளும் சொன்னாள். "செருப்பு எங்கண்ணே?"

அத்தை பதறிப்போனாள். "ஐயோ, காணோமா? வெளியதான விட்டீங்க? எந்தக் கலரு? எழவு வீட்டுலகூட இப்படியா திருடுவாங்க, வெளங்குவாங்களா!" என்று வாசலுக்கு ஓடினாள். அங்கே கிடந்த அத்தனை செருப்பையும் ஜோடி ஜோடியாகப் பிரித்து அடுக்கத் தொடங்கினாள். போகவேண்டாம் என்று சொல்ல அந்த மூவருக்கும் அவகாசமே கிடைக்கவில்லை.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் ஒல்லியானவர் அவளிடம். "அது எங்களுக்குள்ள ஒரு வணக்கம் மாதிரி. ஒருத்தர் செருப்பு எங்கன்னு கேட்டா, இன்னொருத்தர் போனா போகுதுன்னு சொல்லணும். பத்து வருஷமா அண்ணன்தான் பதில் எழுதுவாரு. உங்கப்பா பேர்கூட எங்களுக்கு நேத்துதான் தெரியும். எங்களுக்கு அவர் பேட்டரி அண்ணன்."

அப்போதுதான் அவளுக்கு இவர்கள் யாரென்று விளங்கிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனை எதிரே வைத்துக்கொள்வார். வெவ்வேறு ஊரில் நாலு பேர் ஒரே பதிவை ஒரே நொடியில் ஓடவிட்டுக் கேட்பார்கள். முடியும்வரை யாரும் எதுவும் எழுதக் கூடாது. முடிந்ததும் ஒலிக்கு எவ்வளவு, பாட்டுக்கு எவ்வளவு, கூட்டத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். எல்லாம் எழுத்தில்தான். ஒல்லியானவர் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு செய்கிறவர், அவர்களுக்குள் சவுண்டு. அம்மாள் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். தடித்தவர் பேக்கரி வைத்திருப்பவர்.

"அவருக்குப் பேச்சு கிடையாதுங்கறதே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எங்களுக்குத் தெரியும்," என்றாள் டீச்சர். "எழுத்துல அவ்வளவு பேசுவாரு. மனுஷன் வாயாடின்னுதான் நான் நெனச்சிருந்தேன்."

சவுண்டு பையை இறக்கினார். "ஒரு விஷயம்மா. நாப்பத்தொண்ணு போடச் சொன்னாரு, கேசட்டைத்தான் காணோம்னு உங்க வீட்டுக்காரர் போன்ல சொன்னதும் எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. ஏன்னா ஏழு மாசமா நான் அதுலதான் வேல செஞ்சிட்டு இருந்தேன். அண்ணனுக்குத் தெரியாம. அவரு பொறந்த நாளுக்குக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன்." பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். முதுகில் சிவப்பு மையில் 41. "வேற எதையோ பிரதி எடுக்கணும்னு சொல்லி, ஒருதரம் பஸ் ஸ்டாண்டுல அவரப் பாத்து இதையும் சேத்து வாங்கிட்டு வந்தேன்."

அப்பாவின் அறையில் நாலு பேரும் கூடினார்கள். சவுண்டு தன் கணினியை அப்பாவின் ஸ்பீக்கரோடு இணைத்தார். ஹாலில் போடுவதற்கு முன் ஒருதரம் சோதித்துவிட வேண்டும் என்றார். பேக்கரிக்காரர் கதவருகே நின்றபடி அவளுக்குக் கதை சொன்னார்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு விளையாட்டு மைதானம். பன்னிரண்டாயிரம் பேர். பொழுது சாய்கிற நேரம். பாட்டு பாதி போய்க்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. கிட்டார் செத்தது, மைக் செத்தது, விளக்கெல்லாம் அணைந்தது. கூட்டம் ஊளையிட்டது. டிரம்ஸ் அடிக்கிறவர் மட்டும் நிறுத்தவில்லை, குச்சியைக் கீழே போட்டுவிட்டு விரலால் மெல்ல அடித்துக்கொண்டே இருந்தார். பாடகர் மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வெறும் தொண்டையில் பாடத் தொடங்கினார்.

"அந்தக் குரல் கேக்கணும்னு பன்னண்டாயிரம் பேரும் தானா வாய மூடினாங்கம்மா. யாரும் சொல்லல. குண்டூசி விழுந்தா கேக்கும். அந்த நாலு நிமிஷம் எந்த ரேடியோலயும் இல்ல, வேற யார்கிட்டயும் இல்ல. கரண்ட் இல்லையே, எதுல பதிவு பண்றது? ஒலகத்துல ஒரே ஒருத்தர் பேட்டரில ஓட்டிட்டு இருந்தாரு."

"ஆனா பக்கத்துல ஒரு தடியன் நின்னுட்டான்," என்றாள் டீச்சர். "அத்தனை பேரும் மூச்ச அடக்கிட்டு நிக்கும்போது அவன் பேசறான். செருப்பு எங்கன்னு கேக்கறான்! அப்பேர்ப்பட்ட நேரத்துல எவனுக்காவது செருப்பு ஞாபகம் வருமா? எங்க கூட்டத்துல அவனுக்குப் பேரே செருப்புக்காரன். அவன அதிகமாத் திட்டினது உங்கப்பாதான். முட்டாள், மடையன், மைக்குப் பக்கத்துல நிக்கத் தகுதியில்லாதவன். நாங்ககூடப் போதும்ணே, விடுங்கம்போம்."

"அந்தச் செருப்புக்காரனத்தான் நான் தொடச்செடுத்திருக்கேன்," என்றார் சவுண்டு. பெருமையை மறைக்க அவரால் முடியவில்லை. "ஒவ்வொரு எழுத்தா. இனிமே பாட்டு மட்டும்தான். பழசு எப்படி இருந்துச்சுன்னு மொதல்ல போடறேன், அப்பதான் வித்தியாசம் தெரியும்."

கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினார்.

முதலில் ஒன்றும் இல்லாததுபோல இருந்தது. பிறகுதான் அவளுக்குப் புரிந்தது, அந்த ஒன்றும் இல்லாததுதான் பன்னிரண்டாயிரம் பேர். அவ்வளவு பேர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் இப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. அந்த அமைதிக்கு ஒரு கனம் இருந்தது. வெகு தூரத்தில், தோலின் மேல் விரல்கள் தட்டும் சத்தம். அதன்மேல் ஒரு மனிதக் குரல், எந்தக் கருவியும் இல்லாமல், நடுங்கிக்கொண்டு வந்தது. அவள் அதுவரை அந்தக் குழுவின் பாட்டை ரசித்ததில்லை. கையில் மயிர் சிலிர்த்தது.

அப்போது ஸ்பீக்கருக்கு மிகப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"செருப்பு எங்க? ஒண்ணுதான இருக்கு." கொஞ்ச நேரம் குரல் இல்லை. பிறகு, "சரி, போனா போகுது."

பேக்கரிக்காரர் பழக்கதோஷத்தில் உதட்டை அசைத்துக் கூடவே சொன்னார். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். மகளின் வலது காலின் விரல்கள் தரையில் படாமல் தாமாகவே மடங்கிக்கொண்டன.

"நிறுத்துங்க," என்றாள்.

சவுண்டு நிறுத்தினார். "பாத்தீங்களா எப்படிக் கெடுக்கறான்னு?"

"மறுபடி போடுங்க."

போட்டார். போனா போகுது. அந்தப் 'போகுது'வின் கடைசியில் குரல் கொஞ்சம் மேலே ஏறி, மூக்கில் தொட்டுவிட்டு இறங்கியது. பால் பொங்கி வழிந்தபோது, பரீட்சையில் அவள் தோற்றபோது எல்லாம் அதே ஏற்றம்தான்; குரல் போன பிறகு, அம்மா இறந்து ஒரு மாசம் கழித்துக் கடைசியாகப் பேச்சே இல்லாமல் உதட்டால் மட்டும் சொன்னபோதுகூட, அந்த ஏற்றம் அவர் முகத்தில் இருந்தது. பன்னிரண்டு வருஷமாகக் காணாமல் போயிருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் அறைக்குள் வந்து நின்றது.

"இது அப்பா," என்றாள்.

டீச்சர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"இல்லம்மா," என்றார் பேக்கரிக்காரர் மெதுவாக. "அண்ணன் பக்கத்துல நின்ன ஆளு. அண்ணனே எழுதியிருக்காரு, எவனோ ஒரு..."

"நீங்க யாராவது அப்பா குரலக் கேட்டிருக்கீங்களா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கதவு படாரென்று திறந்தது. அத்தை, இரண்டு கையிலும் ஒவ்வொரு செருப்போடு நின்றாள். "யார் பேசினது இப்ப? எங்கண்ணன் கொரலு கேட்டுச்சே. வாசல்வரைக்கும் கேட்டுச்சே!"

சவுண்டு மூன்றாவது முறை போட்டார். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடப்பாவி மனுஷா. பஸ்ஸுல விட்டுட்டேன்னு பொய் சொன்னியே." அவள் பக்கம் திரும்பினாள். "உனக்கு நாலு வயசு. உங்கம்மாவுக்கு அன்னிக்கு டெலிபோன் ஆபீஸ்ல டியூட்டி. என்கிட்ட விட்டுட்டுப் போங்கண்ணேன்னா கேக்கல, தோள்ல தூக்கி வச்சிட்டுப் போயிட்டாரு. திரும்பி வரும்போது உன் கால்ல ஒத்தைச் செருப்பு. புதுச் செருப்பு. உங்கம்மா ஒரு வாரம் அவர்கூடப் பேசல."

அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ரொம்ப உயரத்தில் இருந்தது மட்டும் எப்போதோ கண்ட கனவு போல இருந்தது. அதை ஏதோ ஒரு லிப்ட் என்று அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

சவுண்டு கணினியை வெறித்துக்கொண்டிருந்தார். "ஏழு மாசம்," என்றார். "ஏழு மாசம் உக்காந்து அண்ணனையா அழிச்சிட்டு இருந்தேன்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் டீச்சர். "அவரே சொல்லலையே."

"எப்படிச் சொல்லுவாரு? சட்டம் போட்டதே அவருதான," என்றாள் அவள்.

சொல்லும்போதே அது அவளுக்கு முழுசாக விளங்கியது. அறுபத்து மூன்று நிகழ்ச்சியில் ஒருதரம்தான் அவர் சட்டத்தை மீறியிருக்கிறார். அதுவும் மற்ற அறுபத்திரண்டையும் சேர்த்தாலும் ஈடாகாத அந்த நாலு நிமிஷத்தில். மைக் ஓடுகிறது என்று தெரியும். இப்படியொரு நேரம் இனி வராது என்றும் தெரியும். தோள்மேல் இருந்தவள் அழுதிருப்பாள். அவர் பேசினார். பேசிவிட்டுத் தனக்குத்தானே பத்துக்கு இரண்டு போட்டுக்கொண்டார். அந்த இரண்டை மாற்றவும் இல்லை, பதிவை எறியவும் இல்லை.

சவுண்டு திடீரென்று நிமிர்ந்தார். "இருங்க, இருங்க. குப்பை இருக்கு."

"என்ன குப்பை?"

"நான் எதையும் அழிக்கறதில்லம்மா. தொழில்ல அது பழக்கம். பாட்டுலேர்ந்து வெட்டி எடுத்ததையெல்லாம் தனியா ஒரு இடத்துல போட்டு வைப்பேன். அதுக்குப் பேரே குப்பைதான். அதுல பாட்டு இருக்காது. பேச்சு மட்டும்தான் இருக்கும். கூட்டம் தட்டறதுக்கு முன்னாடி ஏதோ முணுமுணுப்பு இருந்துச்சு, மூச்சுச் சத்தம்னு நெனச்சு அதையும் தூக்கிப் போட்டேன். நான் அதக் காது குடுத்துக் கேட்டதுகூட இல்ல." அப்பாவின் ஹெட்போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீங்க மொதல்ல கேளுங்க. நாங்க அப்புறம் கேக்கறோம்."

அது அப்பாவின் தலைக்கு ஏற்றபடி விரிந்திருந்தது. அவள் அதைச் சுருக்கவில்லை, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு இல்லை. மைதானம் இல்லை. பன்னிரண்டாயிரம் பேரும் போய்விட்டிருந்தார்கள். அவள் காதில் இரண்டு பேர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது, ஒன்று பெரிது, ஒன்று சின்னது.

"செருப்பு எங்க? ஒண்ணுதான இருக்கு... சரி, போனா போகுது." அதற்கப்புறம், இத்தனை நாள் பாட்டுக்கு அடியில் புதைந்து கிடந்த ரகசியக் குரல். "அழாத. காலக் கீழ விடாத, அப்பா மேலயே இரு." பிறகு வெகுநேரம் மூச்சு மட்டும். "அங்க பாரு, கீழ உக்காந்து பாடறாரு பாரு. கரண்ட் இல்ல. அதான் எல்லாரும் சும்மா இருக்காங்க. நம்மளும் சும்மா இருக்கணும். சரியா?"

"ம்."

மறுபடி மூச்சு. நிறைய நேரம். பிறகு சின்னக் குரல், "அப்பா, முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு கண்ணு."

"ஏன் யாருமே தட்டல?"

"தெரியலையே." அதில் அப்படியொரு பிரமிப்பு இருந்தது. அப்பா அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. குரல் இன்னும் தாழ்ந்தது. "நீ தட்டு. அப்பா தட்டக் கூடாது, மிஷின் ஓடுது. எனக்கும் சேத்து நீ தட்டு."

சின்னக் கைகள் தட்டின. அவள் எண்ணினாள். பதினொன்று.

ஹெட்போனைக் கழற்றியபோது நாலு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை அத்தையிடம் கொடுத்தாள். அத்தை டீச்சரிடம், டீச்சர் பேக்கரிக்காரரிடம், கடைசியாகச் சவுண்டு. கேட்டு முடித்துச் சவுண்டு ஹெட்போனை மேஜைமேல் வைத்தார்.

"பாட்டு முடிஞ்சு பதினோரு நொடி அமைதி," என்றார். "பத்து வருஷமா நாங்க இதப் பேசியிருக்கோம். யாருக்கும் தட்டத் தோணல, எல்லாரும் அப்படியே ஒறஞ்சு போயிட்டாங்க, அப்புறம் மைதானமே வெடிக்குதுன்னு. ஆரம்பிச்சு வச்சது யாருன்னு நாங்க கேட்டதே இல்ல. மொதக் கைதட்டு இதுதான். இதுக்கு அப்புறம்தான் அத்தன பேரும் தட்டறாங்க. நான் இத வெட்டிட்டேன்."

பேக்கரிக்காரர் அவளுடைய கைகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஏதோ தப்புச் செய்ததுபோலப் பார்வையை விலக்கிக்கொண்டார்.

கணவன் ஆஸ்பத்திரியிலிருந்து சான்றிதழை வாங்கிக்கொண்டு மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தான். வண்டியும் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்க அவன் முன்வந்தபோது அத்தை அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீங்க வழி விடுங்க மாப்பிள்ளை. அதுக்கு நாலு பேர் இருக்காங்க." சவுண்டும் பேக்கரிக்காரரும் முன்னால் பிடித்தார்கள், டீச்சரும் அவளும் பின்னால். டீச்சருக்கு முழங்கால் வலி. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

வண்டியில் போகும்போது டீச்சர் தன் நோட்டைப் பிரித்தாள். "நாப்பத்தொண்ணுக்கு நாங்க போட்டதெல்லாம் மாத்திடறோம். உங்கப்பா போட்ட ரெண்ட என்னம்மா பண்றது?"

அவள் யோசித்தாள். "இருக்கட்டும் டீச்சர். அவர் சட்டப்படி அது ரெண்டுதான்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுபோனது.

ஹாலில் இருபது நாற்காலிகள் இருந்தன. பாதிதான் நிறைந்தது. அடுப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் கடிகாரத்தைக் காட்டி, "பாட்டுக்கு அஞ்சு நிமிஷம். அடுத்த குடும்பம் காத்துட்டு இருக்கு," என்றார். சவுண்டு தலையசைத்தார். எந்தப் பதிவைப் போடுவது என்று அவளிடம் கேட்கவில்லை. ஏழு மாச உழைப்பு பையிலேயே கிடந்தது. பழைய கேசட்டையே அப்பாவின் பழைய ரெக்கார்டரில் போட்டு, ஹாலின் ஸ்பீக்கரோடு இணைத்தார். புது பேட்டரி போட்டிருந்தார்.

அந்தப் பெரிய அமைதி ஹாலுக்குள் வந்து இறங்கியது. விரல்கள் தோலில் தட்டின. பாடகர் பாடினார். செருப்பு எங்க என்று அப்பா கேட்டார், போனா போகுது என்று அவரே சொன்னார். முன்வரிசையில் மூன்று தலைகள் குனிந்தன. அடுப்பு ஆள் கடிகாரத்தைப் பார்க்க எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

பாட்டு முடிந்தது. ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. நாற்காலி ஒன்று முனகியது. அடுப்பு ஆள் பெட்டியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். அத்தை பாதி எழுந்து, அவள் பக்கம் குனிந்தாள்.

"முடிஞ்சிடுச்சா?"

அவள் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

எல்லாரும் அப்படியே இருந்தார்கள். பிறகு ஸ்பீக்கரில், மிகப் பக்கத்தில், ஒரு சின்னக் கை தட்டத் தொடங்கியது.